லிப் இல்லாத லைப்ரரி: சி நிரலோடு இணைப்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை, சி நிரல்களை ஷேர்டு லைப்ரரிகளோடு (பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் ‘.எஸ்ஓ’ கோப்புகளோடு) லிங்க் செய்வது பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ‘-எல்’ என்று இருந்தால் ஸ்மால் எல். கேப்பிட்டல் எல் வருமிடத்தில் ‘-பெரியஎல்’ என்று போட்டிருக்கிறோம். வேறு குறிப்பு இல்லாவிட்டால் லினக்ஸ், ஜிசிசி, க்னூ லிங்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிங்கர் என்பது ‘.ஓ’ கோப்புகளையும் லைப்ரரிகளையும் இணைத்துச் செயலியாக்கும் கருவி. லோடர் என்பது செயலி ஓடத் தொடங்கும்போது அதற்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடி ஏற்றுவது.

கேள்வி: எடை மெஷின் வாங்கியபோது ‘தராசு.எஸ்ஓ’, ‘தராசு.ஹெச்’ என்று இரண்டு கோப்புகள் கொடுத்தார்கள். ‘-பெரியஎல். -எல்தராசு’ என்று கொடுத்தால் ‘கேனாட் ஃபைண்ட் -எல்தராசு’ என்று லிங்கர் நின்றுவிடுகிறது. கோப்பு அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது. என்ன செய்வது? (வாசகர், கோவை)

பதில்: ‘-எல்தராசு’ என்றால் ‘தராசு என்ற கோப்பைத் தேடு’ என்று பொருள் இல்லை. முன்னால் ‘லிப்’, பின்னால் ‘.எஸ்ஓ’ சேர்த்து ‘லிப்தராசு.எஸ்ஓ’வைத் தேடும், அது இல்லையென்றால் ‘லிப்தராசு.ஏ’வைத் தேடும். இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் பார்க்காது. உங்கள் கோப்பில் ‘லிப்’ இல்லை, அவ்வளவுதான் சங்கதி. ‘-பெரியஎல்.’ தேட வேண்டிய ஃபோல்டரைத்தான் சொல்கிறது, பெயரை மாற்றித் தராது.

நேரான வழி, எல் என்ற எழுத்துக்குப் பின் ஒரு கோலன் போடுவது:

ஜிசிசி -ஓ எடை முதன்மை.ஓ -பெரியஎல். -எல்:தராசு.எஸ்ஓ

கோலன் இருந்தால் லிங்கர் முன்னும் பின்னும் எதையும் ஒட்டாது. கொடுத்த பெயரை அப்படியே தேடும். க்னூ லிங்கர், கோல்டு, எல்எல்டி ஆகிய மூன்று லிங்கர்களுமே இதை ஏற்கும்.

இரண்டாவது வழி, பாதையை நேரே கொடுப்பது: ‘ஜிசிசி -ஓ எடை முதன்மை.ஓ ./தராசு.எஸ்ஓ’. லிங்க் ஆகிவிடும். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, அடுத்த கேள்வியில் பாருங்கள்.

மூன்றாவது, ‘எல்என் -எஸ் தராசு.எஸ்ஓ லிப்தராசு.எஸ்ஓ’ என்று ஒரு சிம்லிங்க் (அசல் கோப்பைச் சுட்டும் இன்னொரு பெயர்) போட்டுவிட்டுப் பழையபடி ‘-எல்தராசு’ என்றே எழுதுவது. பல பேர் இதைத்தான் செய்கிறார்கள். தவறில்லை. ஆனால் அந்த சிம்லிங்க் செயலி ஓடும்போதும் தேவைப்படுமா என்பது லைப்ரரிக்கு உள்ளே ‘எஸ்ஓநேம்’ என்ற பதிவு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கோப்பின் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயர் என்றால், எஸ்ஓநேம் சர்டிஃபிகேட்டில் உள்ள பெயர். லிங்கர் வீட்டுப் பெயரை வைத்துத் தேடிப் பிடிக்கும், ஆனால் உங்கள் செயலிக்குள் எழுதிவைப்பது சர்டிஃபிகேட் பெயரை. ஓடும் நேரத்தில் லோடர் அந்தப் பெயரை மட்டுமே தேடும். உள்ளே எஸ்ஓநேம் ‘தராசு.எஸ்ஓ’ என்று இருந்தால் சிம்லிங்க் லிங்க் செய்யும் நேரத்துக்கு மட்டும் போதும். எஸ்ஓநேமே இல்லையென்றால் லிங்கர் தான் கண்டுபிடித்த பெயரை, அதாவது ‘லிப்தராசு.எஸ்ஓ’வை எழுதிவைக்கும். அப்போது செயலியை அனுப்பும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சிம்லிங்க்கும் கூடவே போக வேண்டும். கோலன் வழியில் இந்தச் சுமை இல்லை என்பதால் அதையே பரிந்துரைக்கிறோம்.

எது எப்படியானாலும் லைப்ரரியை ‘.ஓ’ கோப்புகளுக்குப் பிறகு எழுதுங்கள். உபுண்டுவில் ஜிசிசி ‘--ஆஸ்-நீடட்’ என்பதைத் தானாகவே சேர்த்துவிடுகிறது. லைப்ரரி முன்னால் வந்தால், அந்த இடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை என்று விட்டுவிடும். பிறகு ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ வரிசையாகக் கொட்டும்.

கேள்வி: பாதையை நேரே கொடுத்துத்தான் லிங்க் செய்தேன்: ‘லிப்/தராசு.எஸ்ஓ’. ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று ஓட்டினால் ஓடுகிறது. வேறு ஃபோல்டரிலிருந்து அதே செயலியைக் கூப்பிட்டால் ‘கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்’ என்கிறது. எல்டி_லைப்ரரி_பாத் வைத்தும் பலனில்லை. (வாசகி, சேலம்)

பதில்: மேலே சொன்ன பள்ளம் இதுதான். செயலிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்:

ரீட்எல்ஃப் -டி எடை

வரும் பட்டியலில் ‘நீடட்’ என்ற வரிகள் இருக்கும். ஒன்றில் ‘லிப்சி.எஸ்ஓ.6’ என்று இருக்கும். இன்னொன்றில் உங்களுக்கு ‘லிப்/தராசு.எஸ்ஓ’ என்று சாய்கோட்டோடு இருக்கும். உங்கள் லைப்ரரிக்கு எஸ்ஓநேம் இல்லை. ஆகவே லிங்கர் நீங்கள் கட்டளையில் தட்டிய பாதையை எழுத்து பிசகாமல் உள்ளே வைத்துவிட்டது.

நீடட் வரியில் ஒரு சாய்கோடு இருந்தாலும் போதும், லோடர் தேடும் வேலையையே விட்டுவிடும். எல்டி_லைப்ரரி_பாத் (தேட வேண்டிய ஃபோல்டர்களைச் சொல்லும் வேரியபிள்), ஆர்பாத் (செயலிக்குள்ளேயே எழுதிவைத்த தேடல் பாதை), கேஷ் (சிஸ்டத்தின் லைப்ரரிப் பட்டியல்) எதையும் பார்க்காமல் அந்தப் பாதையை நேரே திறக்கப் பார்க்கும். ‘லிப்/’ என்பது சார்புப் பாதை. நீங்கள் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்களோ அங்கிருந்து கணக்கு. ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்றால் ஓடுவதும் மற்ற இடத்தில் விழுவதும் அதனால்தான். இது பாதுகாப்புக்கும் நல்லதல்ல: யாராவது ஒரு ஃபோல்டரில் ‘லிப்/தராசு.எஸ்ஓ’ என்று தன் கோப்பை வைத்திருந்து, நீங்கள் அங்கே நின்று செயலியைக் கூப்பிட்டால் அவருடைய கோப்புதான் ஏறும்.

‘-பெரியஎல்லிப் -எல்:தராசு.எஸ்ஓ’ என்று மீண்டும் லிங்க் செய்யுங்கள். ‘-எல்’ வழியாகத் தேடிப் பிடித்த லைப்ரரிக்கு லிங்கர் பாதையை வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் எழுதும். இது முதல் மருந்து. லைப்ரரியின் சோர்ஸ் கையில் இருந்தால் அதைவிட நல்லது, கட்டும்போதே பெயர் வைத்துவிடுவது:

ஜிசிசி -ஷேர்டு -ஓ தராசு.எஸ்ஓ தராசு.ஓ -டபிள்யூஎல்,-எஸ்ஓநேம்,தராசு.எஸ்ஓ

சோர்ஸ் இல்லையென்றால், கட்டி முடித்த கோப்பைத் திருத்தும் பேட்ச்எல்ஃப் கருவி உண்டு: ‘பேட்ச்எல்ஃப் --செட்-எஸ்ஓநேம் தராசு.எஸ்ஓ லிப்/தராசு.எஸ்ஓ’. முதலில் வருவது புதிய எஸ்ஓநேம், அடுத்தது கோப்பு. அசல் கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஏற்கெனவே லிங்க் ஆன செயலி இதனால் தானாகச் சரியாகாது. அதற்குள் பழைய பாதை அப்படியே இருக்கும். மீண்டும் லிங்க் செய்ய முடியாத செயலி என்றால் ‘பேட்ச்எல்ஃப் --ரிப்ளேஸ்-நீடட் லிப்/தராசு.எஸ்ஓ தராசு.எஸ்ஓ எடை’ என்று செயலியையே திருத்தலாம்.

கேள்வி: என் கதை நேர் எதிர். லிங்க் செய்தது ‘பிரிண்டர்_புதுசு.எஸ்ஓ’வோடு. ஓட்டினால் ‘லிப்பிரிண்டர்.எஸ்ஓ.2’ காணோம் என்கிறது. அப்படி ஒரு கோப்பையே நான் எங்கும் குறிப்பிடவில்லையே! (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நீங்கள் குறிப்பிடவில்லை, லைப்ரரி குறிப்பிட்டிருக்கிறது. ‘ரீட்எல்ஃப் -டி பிரிண்டர்_புதுசு.எஸ்ஓ’ என்று பார்த்தால் எஸ்ஓநேம் வரியில் ‘லிப்பிரிண்டர்.எஸ்ஓ.2’ என்று இருக்கும். யாரோ கோப்பின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். கோப்பின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது.

இங்கே பேட்ச்எல்ஃப் எடுக்க வேண்டாம். கோப்புக்கு அதன் சொந்தப் பெயரைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் போடுங்கள். கடைசியில் இருக்கும் 2 என்பது அர்த்தமில்லாமல் வைத்ததல்ல. பழைய 1-ஓடு ஒத்துப்போகாத மாற்றம் நடந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். அதை அழித்துவிட்டால், நாளைக்கு 3 வரும்போது பழைய செயலி தவறான லைப்ரரியைத் தூக்கிக்கொண்டு பாதியில் விழும்.

பிறகு லோடருக்கு இடத்தைக் காட்ட வேண்டும். லைப்ரரியைச் செயலியின் பக்கத்திலேயே வைத்து அனுப்புவதானால் இதைச் சேருங்கள்:

-டபிள்யூஎல்,-ஆர்பாத்,'$ஆரிஜின்'

டாலர் ஆரிஜின் என்பது செயலி இருக்கும் ஃபோல்டர். நீங்கள் நிற்கும் ஃபோல்டர் அல்ல. ஒற்றை மேற்கோள் குறி கட்டாயம். இல்லையென்றால் ஷெல் அதைத் தன்னுடைய வேரியபிள் என்று நினைத்து வெற்றிடமாக்கிவிடும். மேக்ஃபைலில் எழுதும்போது டாலரை இரண்டு முறை போடுங்கள்: '$$ஆரிஜின்'. லிங்க் ஆனதும் ரீட்எல்ஃபில் ‘ரன்பாத்’ வரியைப் பாருங்கள் (நீங்கள் கொடுத்த ஆர்பாத் இந்தப் பெயரில்தான் பதிவாகும்). அங்கே டாலரோடு முழுசாக இருந்தால் சரி. ‘ரிஜின்’ என்று மட்டும் நின்றால் மேக்ஃபைலைப் படிக்கும் ‘மேக்’ கட்டளை ஒரு டாலரையும் அடுத்த எழுத்தையும் விழுங்கியிருக்கிறது.

ரன்பாத்துக்கு ஒரு வரம்பு உண்டு. செயலி நேராகக் கேட்கும் லைப்ரரிகளைத் தேடத்தான் அது உதவும். உங்கள் பிரிண்டர் லைப்ரரி தன் பங்குக்கு இன்னொரு லைப்ரரியைக் கேட்டால், அதைத் தேடும்போது செயலியின் ரன்பாத் கணக்கில் வராது. இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தும் ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போவது இதனால்தான். அந்த லைப்ரரிக்கே ‘பேட்ச்எல்ஃப் --செட்-ஆர்பாத்’ மூலம் டாலர் ஆரிஜின் கொடுக்கலாம். அல்லது செயலியை லிங்க் செய்யும்போது ‘-டபிள்யூஎல்,--டிசேபிள்-நியூ-டிடேக்ஸ்’ சேர்க்கலாம். பின்னது பழைய பாணி ஆர்பாத்தை எழுதும். அது அடுத்த அடுக்குக்கும் செல்லும். ஆனால் எல்டி_லைப்ரரி_பாத்தைவிட அதற்குத்தான் முதல் உரிமை, அதனால் சோதனைக்காக வேறு லைப்ரரியை மாற்றிப் பார்க்க முடியாமல் போகும்.

கேள்வி: தராசு.எஸ்ஓவை /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டரில் போட்டு ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ ஓட்டினேன். லிங்க் ஆகிறது, ஓடவில்லை. இரண்டும் ஒரே ஃபோல்டரைத்தானே பார்க்கின்றன? (மாணவர், திருச்சி)

பதில்: பார்ப்பதில்லை. லிங்கர் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டரை நேரே தேடும். லோடர் அப்படித் தேடுவதில்லை. அது எல்டிகான்ஃபிக் தயாரிக்கும் கேஷைப் பார்க்கும். அதில் இல்லையென்றால் /லிப், /யூஎஸ்ஆர்/லிப் போன்ற நிலையான ஃபோல்டர்களை மட்டும் பார்க்கும். லோக்கல் ஃபோல்டர் அந்தக் கடைசிப் பட்டியலில் இல்லை.

கேஷில் ஏன் சேரவில்லை? எல்டிகான்ஃபிக் ‘லிப்’ என்று தொடங்கி நடுவில் ‘.எஸ்ஓ’ வரும் கோப்புகளையும், ‘எல்டி-’ என்று தொடங்கும் லோடரையும் மட்டுமே கவனிக்கும். மற்ற பெயர்களைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும், எச்சரிக்கைகூட வராது. உள்ளே எஸ்ஓநேம் ஒழுங்காக இருந்தாலும் பயனில்லை, கோப்பின் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறது. ‘எல்டிகான்ஃபிக் -பி’ வெளியீட்டில் தராசு என்று தேடிப் பாருங்கள், இருக்காது.

இப்படிப்பட்ட லைப்ரரியைப் பொது ஃபோல்டரில் போடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. /ஆப்ட் கீழே தனி ஃபோல்டர் வைத்து, அந்த முழுப் பாதையை ஆர்பாத்தாகக் கொடுங்கள். சர்வரில் எல்டி_லைப்ரரி_பாத்தை எல்லோருக்கும் பொதுவாக வைப்பது வேண்டாத வேலை. ஒரு செயலிக்காக வைத்தது மற்ற எல்லாச் செயலியையும் தொடும். செட்யுஐடி செயலிகளில் (கோப்பின் உரிமையாளருடைய அனுமதியோடு ஓடுபவை) லோடர் அதை மதிக்கவும் மாட்டாது.

லோடர் எங்கெங்கே தேடுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் ‘எல்டி_டீபக்=லிப்ஸ் ./எடை’. எந்தப் பெயரை, எந்த ஃபோல்டரில், எந்த வரிசையில் என்று ஒவ்வொன்றாக அச்சிடும். எல்டிடி கட்டளை முடிவைத்தான் காட்டும், இது வழியையும் காட்டும். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த செயலியின் மேல் எல்டிடி ஓட்டாதீர்கள். சில சந்தர்ப்பங்களில் அது செயலியையே இயக்கிவிடும். ரீட்எல்ஃப் கோப்பை வாசிக்கும், இயக்காது.

கேள்வி: என் கம்ப்யூட்டரில் ‘லிப்யூஎஸ்பி-1.0.எஸ்ஓ.0’ இருக்கிறது, ‘-எல்யூஎஸ்பி-1.0’ கிடைக்கவில்லை என்கிறது. பெயரில் எண் இருப்பதால் குழப்பமா? (வாசகர், மதுரை)

பதில்: நடுவில் உள்ள ‘-1.0’ பெயரின் பகுதிதான், அதில் குழப்பமில்லை. சிக்கல் கடைசியில் உள்ள ‘.0’. லிங்கருக்கு ‘.எஸ்ஓ’ என்று முடியும் பெயர் வேண்டும். ஓடுவதற்கான பேக்கேஜில் எண்ணோடு கூடிய கோப்பு மட்டும் வரும். எண்ணில்லாத சிம்லிங்க்கும் ஹெடரும் டெவலப்மென்ட் பேக்கேஜில் வரும். டெபியன், உபுண்டுவில் ‘லிப்யூஎஸ்பி-1.0-0-டெவ்’, ஃபெடோராவில் ‘லிப்யூஎஸ்பி1-டெவல்’. அதை நிறுவினால் தீர்ந்தது.

இன்ஸ்டால் செய்ய உரிமை இல்லாத சர்வர் என்றால் ‘-எல்:லிப்யூஎஸ்பி-1.0.எஸ்ஓ.0’ வேலை செய்யும். ஆனால் ஹெடரை அதே வெர்ஷனின் சோர்ஸிலிருந்து எடுங்கள். ஹெடர் இல்லாமல் ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள். அறிவிக்காத ஃபங்ஷனை ஜிசிசி முன்பெல்லாம் வார்னிங்கோடு விட்டுவிடும், இன்ட் திருப்பும் என்று தானாக எண்ணிக்கொள்ளும். திரும்பி வருவது பாயிண்டராக இருந்தால் 64 பிட்டில் பாதி வெட்டுப்பட்டு, சம்பந்தமில்லாத இடத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் ஆகும். 2024-இல் வந்த ஜிசிசி 14 முதல் இது நேரடி எரர்.

எண்ணை எங்கே ஒட்டுவார்கள் என்பதில் ஒரே வழக்கம் கிடையாது. லுவாவை எடுத்துக்கொள்ளுங்கள்: டெபியனில் ‘-எல்லுவா5.4’, சோர்ஸிலிருந்து நீங்களே கட்டினால் வெறும் ‘-எல்லுவா’. மேக்ஃபைலில் பெயரைக் கையால் எழுதாமல் ‘பிகேஜி-கான்ஃபிக் --லிப்ஸ்’ கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: லைப்ரரி கண்ணெதிரே இருக்கிறது. ‘ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்’ என்று சொல்லிவிட்டு, பிறகு கிடைக்கவில்லை என்கிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: பெயர் சரி, உள்ளடக்கம் வேறு கட்டமைப்புக்கானது. 32 பிட் லைப்ரரியும் 64 பிட் செயலியும் சேராது. ஆர்ம் லைப்ரரியும் இன்டெல் செயலியும் சேராது. ‘ஃபைல் லிப்தராசு.எஸ்ஓ’ என்று தட்டினால் தெரிந்துவிடும். 32 பிட்தான் என்றால் மொத்தச் செயலியையும் ‘-எம்32’ போட்டுக் கட்டுவது ஒரு வழி. அதற்கு 32 பிட் சி லைப்ரரியும் நிறுவியிருக்க வேண்டும்.

கேள்வி: பைத்தானுக்காக எழுதிய ‘கணக்கு.சிபைத்தான்-312-எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ.எஸ்ஓ’வில் உள்ள ஃபங்ஷன்களை சி செயலியிலிருந்து கூப்பிட வேண்டும். கோலன் போட்டு லிங்க் செய்தால் ‘பை’ என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் அன்டிஃபைன்ட் என்று வருகின்றன. (வாசகி, சென்னை)

பதில்: கோலன் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. இந்த மாட்யூல் தனியாக நிற்க எழுதியதல்ல. பைத்தான் இன்டர்ப்ரெட்டர் தன்னை ஏற்றும்போது ‘பை’ ஃபங்ஷன்கள் அதற்குள் ஏற்கெனவே இருக்கும் என்று நம்பி, அவற்றை வெளியே விட்டிருக்கிறது. செயலியைக் கட்டும்போது க்னூ லிங்கர் லைப்ரரிகளின் உள்ளே தீராமல் கிடக்கும் பெயர்களையும் சரிபார்க்கும். அதனால்தான் இந்தப் பட்டியல்.

உங்கள் ஃபங்ஷன்கள் பைத்தானை உண்மையிலேயே பயன்படுத்தினால் ‘பைத்தான்3-கான்ஃபிக் --எம்பெட் --எல்டிஃபிளாக்ஸ்’ தரும் வரியைக் கடைசியில் சேருங்கள். ‘--எம்பெட்’ பைத்தான் 3.8-இல் வந்தது; அது இல்லாமல் கேட்டால் பைத்தான் லைப்ரரியின் பெயர் வராது. நிரலில் இன்டர்ப்ரெட்டரைத் துவக்கவும் வேண்டும்.

கணக்குப் பகுதி வெறும் சி என்றால் அதைப் பிரித்துத் தனி லைப்ரரியாக்கி, பைத்தான் மாட்யூலும் உங்கள் செயலியும் இரண்டுமே அதைப் பயன்படுத்துவதுதான் ஒழுங்கு. பிளக்இன் போன்ற மற்ற மாட்யூல்களுக்கு லிங்க் செய்வதையே விட்டுவிட்டு, ஓடும்போது லைப்ரரியை ஏற்றும் டிஎல்ஓப்பன் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். அதற்குக் கோப்பின் பெயர் எப்படி இருந்தாலும் கவலையில்லை. ஆனால் ‘./கணக்கு.எஸ்ஓ’ என்று சாய்கோட்டோடு கொடுங்கள். சாய்கோடு இல்லாவிட்டால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் லோடர் தேடாது. ஆர்டிஎல்டி_நவ் கொடுத்தால் தீராத பெயர்கள் உடனே தெரியும். ஆர்டிஎல்டி_லேஸி கொடுத்தால் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் வரை பிழை ஒளிந்திருக்கும். ஜிலிப்சி (க்னூ சி லைப்ரரி) 2.34-க்கு முந்தைய சிஸ்டத்தில் ‘-எல்டிஎல்’ சேர்க்க வேண்டும். 2021-இல் வந்த 2.34 முதல் அது லிப்சிக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

கேள்வி: டிஎல்ஓப்பனில் ‘லிப்சி.எஸ்ஓ’ கொடுத்தால் ‘இன்வேலிட் எல்ஃப் ஹெடர்’ என்கிறது. கோப்பு கெட்டுப்போய்விட்டதா? (மாணவர், நெல்லை)

பதில்: கெடவில்லை. ‘கேட்’ போட்டுப் பாருங்கள், அது எல்ஃப் (லினக்ஸில் செயலிகளும் லைப்ரரிகளும் இருக்கும் கோப்பு வடிவம்) அல்ல, சில வரி டெக்ஸ்ட் கோப்பு. லிங்கருக்கான ஸ்கிரிப்ட்: அதில் ‘க்ரூப்’ என்று தொடங்கும் வரி, உண்மையான லிப்சி.எஸ்ஓ.6-உம் கூடச் சேர வேண்டிய ஒரு ஸ்டேட்டிக் துண்டும் எங்கே என்று சொல்கிறது. லிங்கருக்கு அது புரியும், லோடருக்குப் புரியாது. டிஎல்ஓப்பனுக்கு ‘லிப்சி.எஸ்ஓ.6’ கொடுங்கள்.

இதே வித்தையை நீங்களும் செய்யலாம். ‘லிப்பிரிண்டர்.எஸ்ஓ’ என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பில் ‘இன்புட் ( பிரிண்டர்_புதுசு.எஸ்ஓ )’ என்று ஒரே வரி எழுதி வைத்தால் ‘-எல்பிரிண்டர்’ வேலை செய்யும். சிம்லிங்க்கை ஏற்காத பென்டிரைவில் இது கைகொடுக்கும். உள்ளே எஸ்ஓநேம் இருக்கும் லைப்ரரிக்கு மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: சிமேக் பில்ட் கருவியில் இம்போர்ட்டட் லைப்ரரியாக தராசு.எஸ்ஓவின் முழுப் பாதையைக் கொடுத்தேன். என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, வேறு கம்ப்யூட்டரில் என் ஹோம் ஃபோல்டரைத் தேடுகிறது! (வாசகர், கொழும்பு)

பதில்: எஸ்ஓநேம் இல்லாத லைப்ரரிக்கு சிமேக் முழுப் பாதையை அனுப்பியதால், அந்தப் பாதையே நீடட் வரியில் ஏறிவிட்டது. அந்த டார்கெட்டுக்கு ‘இம்போர்ட்டட்_நோ_எஸ்ஓநேம்’ என்ற பிராபர்ட்டியை ட்ரூ என்று வையுங்கள். லைப்ரரியில் எஸ்ஓநேம் இல்லை என்று தெரிந்தால், பாதை உள்ளே ஏறாதபடி சிமேக் லிங்க் கட்டளையை மாற்றிக்கொள்ளும். பில்ட் ஃபோல்டரைச் சுத்தமாக அழித்துவிட்டு மறுபடி கட்டி, ரீட்எல்ஃபில் சரிபாருங்கள்.

கேள்வி: லைப்ரரிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா? ‘கொடி’ என்று தமிழ் எழுத்தில் வைத்தேன். எனக்கு லிங்க் ஆகிறது, நண்பருக்கு ‘கேனாட் ஃபைண்ட்’ வருகிறது. இரண்டு திரையிலும் பெயர் ஒன்றாகத்தான் தெரிகிறது. (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: வைக்கலாம். லினக்ஸுக்குக் கோப்புப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. லிங்கரும் லோடரும் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டை ஒப்பிடுகின்றன. முன்னொட்டு ‘லிப்’பும் பின்னொட்டு ‘.எஸ்ஓ’வும் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் தொல்லை ‘கொ’வில் இருக்கிறது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆகவே ‘லிப்’, ‘.எஸ்ஓ’ சேர்த்து ஒருவரிடம் பெயர் 18 பைட், மற்றவரிடம் 21 பைட். எல்எஸ் வெளியீட்டை ‘டபிள்யூசி -சி’க்கு அனுப்பிப் பாருங்கள், வரி முடிவையும் எண்ணுவதால் 19, 22 என்று வரும். ஓகாரத்திலும் ஔகாரத்திலும் இதே வில்லங்கம் உண்டு. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல்சிஸ்டம் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கே கட்டிய ஜிப்பிலிருந்து எடுத்த கோப்புகளில் இது அடிக்கடி வரும். பெயர் வைப்பதானால் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் இல்லாத சொல்லாகப் பாருங்கள். நீளத்துக்கும் எல்லை உண்டு: ஈஎக்ஸ்டி4-இல் கோப்புப் பெயர் 255 பைட் வரைதான். ‘லிப்’, ‘.எஸ்ஓ’ 6 பைட் போனால் 83 தமிழ்க் குறியீடு மிஞ்சும். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாகக் கணக்கில் வரும்.

கேள்வி: ஆப்பிள் மேக்கில் கோலன் வழி எடுபடவில்லை. (வாசகர், பெங்களூரு)

பதில்: ஆப்பிள் லிங்கரில் அது கிடையாது. பாதையை நேரே கொடுங்கள். அங்கே அந்தப் பள்ளம் வேறு உருவத்தில் இருக்கிறது: டைலிப் (மேக்கின் ஷேர்டு லைப்ரரி) கோப்புக்குள் இருக்கும் ‘இன்ஸ்டால் நேம்’தான் செயலிக்குள் ஏறும். கட்டும்போது அதைக் குறிப்பிடாவிட்டால், ‘-ஓ’வுக்குப் பின் தட்டிய பாதையே இன்ஸ்டால் நேம் ஆகிவிடும். ‘ஓடூல் -டி’ (கேப்பிட்டல் டி) போட்டுப் பார்த்து, ‘இன்ஸ்டால்_நேம்_டூல் -ஐடி @ஆர்பாத்/தராசு.டைலிப் தராசு.டைலிப்’ என்று திருத்துங்கள். கையொப்பம் செல்லாது என்று எச்சரித்தால் ‘கோட்சைன் -எஃப் -எஸ் -’ போட்டு மீண்டும் ஒப்பமிட வேண்டும். ‘எம்ஹெச்_பண்டில்’ என்று பிழை வந்தால் அது பிளக்இன் வகைக் கோப்பு. மேக்கில் பண்டிலை லிங்க் செய்யவே முடியாது, டிஎல்ஓப்பன் மட்டும்தான்.

கேள்வி: ‘.எஸ்ஓ’வே இல்லாமல் ‘தராசு.டிஆர்வி’ என்று ஒரு கோப்பு. லிங்க் ஆகுமா? (வாசகர், ஓசூர்)

பதில்: ஆகும். லிங்கர் கோப்பின் முதல் நான்கு பைட்டைப் பார்த்து எல்ஃப் என்று தெரிந்துகொள்கிறது, வால் எதுவானாலும் பரவாயில்லை. ஜிசிசியும் தனக்குத் தெரியாத வாலை லிங்கரிடமே தள்ளிவிடும். தெரிந்த வாலாக இருந்தால்தான் வம்பு: ‘.எஸ்’ என்றால் அசெம்பிளி, ‘.எஃப்’ என்றால் ஃபோர்ட்ரான், ‘.டி’ என்றால் டி மொழி என்று எண்ணி கம்பைல் செய்யக் கிளம்பிவிடும். அப்போது ‘-எல்:தராசு.டி’ என்று கோலனோடு கொடுங்கள். ஜிசிசி அதைப் பிரித்துப் பார்க்காமல் லிங்கரிடம் கொடுத்துவிடும்.